ஹியூரிஸ்டிக் என்றால் என்ன? நெரவி வயல் வரப்பில் கிடைக்கும் விடை

செல்போனில் இருக்கும் ஆன்டிவைரஸ் செயலி ஒரு கோப்பைத் தடுத்து நிறுத்திவிட்டு, 'ஹியூரிஸ்டிக் முறையில் கண்டறியப்பட்டது' என்கிறது. பி.எட். மாணவிக்கு 'ஹியூரிஸ்டிக் முறையை விளக்குக' என்று தேர்வில் கேள்வி வருகிறது. முதலீடு பற்றிப் பேசும் யூடியூபர், "இதெல்லாம் மனுஷ மூளையோட ஹியூரிஸ்டிக்ஸ், இதை நம்பித்தான் ஏமாந்து போறோம்" என்கிறார். சொல் ஒன்று, இடம் மூன்று. முதல் இடத்தில் அது காவல்காரன். இரண்டாவது இடத்தில் நல்லாசிரியர். மூன்றாவது இடத்தில் குற்றவாளி.

தமிழில் இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களும் இப்படித்தான் பிரிந்து கிடக்கின்றன. 'கண்டறி முறை' என்கிறது ஒன்று. 'அனுபவ விதி' என்கிறது இன்னொன்று. 'மூளையின் குறுக்குவழி' என்பது மூன்றாவது. எதுவும் தப்பில்லை. ஆனால் எதுவும் முழுசும் இல்லை.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு இரண்டு பாதி உண்டு. ஒன்று, விடையைத் தேட உதவும். இரண்டு, விடை சரி என்று உத்தரவாதம் தராது. இரண்டையும் ஒருசேரச் சொல்லுவதுதான் இந்தச் சொல்லின் வேலை. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் குருட்டு நம்பிக்கை வரும். இரண்டாவது பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் அனுபவ அறிவையெல்லாம் 'சும்மா குத்துமதிப்பு' என்று தள்ளிவிடும் திமிர் வரும். இரண்டாலும் நஷ்டப்படுவது சாதாரண மக்கள்தான்.

சொல் எங்கிருந்து வந்தது?

கிரேக்க மொழியில் 'ஹியூரிஸ்கைன்' என்றால் கண்டுபிடிப்பது. குளியல் தொட்டியிலிருந்து எழுந்து ஆர்க்கிமிடிஸ் ஓடியதாகச் சொல்லப்படும் கதையில் அவர் கூவிய 'யுரேகா' இதே வேரிலிருந்து வந்ததுதான். 'கண்டுபிடிச்சிட்டேன்' என்று பொருள். கண்டுபிடித்த பிறகு கூவுவது யுரேகா. கண்டுபிடிப்பதற்கு முன்னால் கையில் பிடித்துக்கொண்டு போகும் விளக்கு ஹியூரிஸ்டிக்.

ஆங்கிலத்தில் இது பெயராகவும் வரும், பெயரடையாகவும் வரும். 'எ ஹியூரிஸ்டிக்' என்றால் ஒரு கைவிதி. 'ஹியூரிஸ்டிக்ஸ்' என்றால் பல கைவிதிகள், அல்லது அவற்றைப் பற்றிய படிப்பு. 'ஹியூரிஸ்டிக் வேல்யூ' என்று ஒரு பிரயோகமும் உண்டு. ஒரு கருத்து உண்மையா இல்லையா என்பது இன்னும் தெரியாது, ஆனால் அதை வைத்து யோசித்தால் புதிதாக ஏதாவது கிடைக்கும் என்றால், அந்தக் கருத்துக்கு ஹியூரிஸ்டிக் மதிப்பு இருக்கிறது என்பார்கள்.

இதற்குச் சரியான உதாரணம் ஐன்ஸ்டைன். ஒளி துகள் துகளாகப் பயணிக்கிறது என்று 1905இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே, இது ஒளியைப் பற்றிய ஒரு 'ஹியூரிஸ்டிக் பார்வை' என்று போட்டிருந்தார். 'இதுதான் உண்மை' என்று அடித்துச் சொல்லவில்லை. 'இப்படி வைத்துக்கொண்டு பாருங்கள், பல புதிர்கள் அவிழ்கின்றன' என்றுதான் சொன்னார். அந்தக் கட்டுரையில் அவர் விளக்கிய ஒளிமின் விளைவுதான் பின்னாளில் அவருக்கு 1921ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. அவ்வளவு பெரிய மனிதரே அடக்கமாகப் பயன்படுத்திய சொல் இது.

நண்டு, நரி, வண்டி, தேர்

இப்போது நெரவிக்கு வரலாம். காரைக்கால் மாவட்டத்தில் ஒரு கொம்யூன் பஞ்சாயத்து நெரவி. மாவட்டம் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்தது. நிலத்தில் எந்தப் பக்கம் போனாலும் தமிழ்நாடு, கிழக்கே வங்கக்கடல். காவிரி நீர் ஓடிவந்து முடியும் கடைமடை. ஓஎன்ஜிசி நிறுவனத்தின் காவிரிப் படுகை அலுவலகமும் இங்கேதான் இருக்கிறது. எண்ணெய்த் தேடலில், பூமிக்குள் அலைகளை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து, எங்கே துளையிடலாம் என்று பொறியாளர்கள் கணிக்கிறார்கள். எவ்வளவு கணித்தாலும் சில கிணறுகள் வெறுங்கிணறாகப் போவதுண்டு. அந்த அலுவலகத்தைச் சுற்றியுள்ள வயல்களிலும் கணிப்புதான் நடக்கிறது. ஆனால் அதற்குக் கணினி கிடையாது.

டெல்டாவில் எந்த வயசான விவசாயியைக் கேட்டாலும் ஒரு சொலவடை சொல்வார்: 'நெல்லுக்கு நண்டோட, கரும்புக்கு நரியோட, வாழைக்கு வண்டியோட, தென்னைக்குத் தேரோட.' ஊருக்கு ஊர் வார்த்தை கொஞ்சம் மாறும், கணக்கு மாறாது. நெல் நாற்றுக்கு நடுவில் நண்டு ஓடும் அளவுக்கு இடம் விடு. கரும்புப் பாருக்கு நடுவில் நரி ஓடணும். வாழைக்கு நடுவில் மாட்டுவண்டி போகணும். தென்னைக்கு நடுவில் தேரே போகணும். அம்புட்டுதான்.

டேப் வேண்டாம், எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம். ஆனால் கணக்கு எவ்வளவு கிட்டத்தில் வருகிறது என்று பாருங்கள். தென்னைக்கு இன்று வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் இடைவெளி 25 அடிக்கு 25 அடி. வாழையில் பல ரகங்களுக்கு 1.8 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 6 அடி. ஒரு மாட்டுவண்டி போகும் அகலம்தான்.

இதுதான் ஹியூரிஸ்டிக். மனசில் நிற்கும். சட்டென்று பயன்படும். பெரும்பாலும் சரியாக வரும். எப்போதும் சரியாக வரும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. திருந்திய நெல் சாகுபடி என்ற ஒற்றை நாற்று முறை வந்தபோது, நாற்றுக்கு நாற்று 25 சென்டிமீட்டர் விடச் சொன்னார்கள். நண்டுக்கு அவ்வளவு இடம் எதுக்கு என்று பலர் தயங்கினார்கள். கொத்தாக நட்டபோது பொருந்திய விதி, ஒற்றை நாற்றாக நட்டு அது பக்கவாட்டில் தூர் கட்டும்போது அப்படியே பொருந்தாது. இடைவெளி விடு என்ற சொலவடையின் உள்கருத்து அப்படியே நிற்கிறது, அளவு மட்டும் மாறிவிட்டது.

சட்டம், சூத்திரம், ஹியூரிஸ்டிக்: மூன்றும் வேறு

காவிரி நீரில் காரைக்காலுக்கு ஆண்டுக்கு 7 டிஎம்சி என்று நடுவர் மன்றம் 2007இல் இறுதித் தீர்ப்பு சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அந்த அளவை மாற்றவில்லை. இது சட்டம். நீர் வந்து சேர்ந்ததா இல்லையா என்று சண்டை போடலாம். ஆனால் 7 என்பது 7தான்.

வங்கிக் கடனுக்குக் கூட்டுவட்டி போடுவது சூத்திரம். படிகளை ஒழுங்காகப் போட்டால் யார் போட்டாலும் ஒரே விடை. கணினித் துறையில் இப்படிப்பட்ட நிச்சயமான படிவரிசைக்கு அல்காரிதம் என்று பெயர்.

'மழை வர்ற மாதிரி இருக்கு, நெல்லை மூடு' என்பது ஹியூரிஸ்டிக். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினால் மழை வரும் என்பதும் ஹியூரிஸ்டிக். 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பதுகூட ஹியூரிஸ்டிக்தான். ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து முழுப்பானைக்கும் தீர்ப்பு சொல்வது அது. கிளறிவிட்ட பானைக்கு அது சரி. அடியில் தீய்ந்து மேலே வேகாமல் இருக்கும் பானைக்கு அது தப்பு. சமைக்கிறவர்களுக்கு இது தெரியும். சொலவடையை மேடையில் மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்குத்தான் மறந்துவிடுகிறது.

கணினிக்கு எதற்குக் கைக்கணக்கு?

கணினிதான் எல்லாவற்றையும் துல்லியமாகக் கணக்குப் போடுமே, அதற்கு எதற்கு இந்தக் குத்துமதிப்பு என்று தோன்றலாம். ஒரு சின்னக் கணக்கு அதற்குப் பதில் சொல்லும்.

நெரவியிலிருந்து கிளம்பி ஒரு கூரியர் தம்பி 10 வீடுகளில் பார்சல் கொடுக்க வேண்டும். திருமலைராயன்பட்டினம், காரைக்கால், கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு என்று சிதறிக் கிடக்கும் வீடுகள். எந்த வரிசையில் போனால் பெட்ரோல் குறையும்? 10 வீட்டை வரிசைப்படுத்த 36,28,800 வழிகள் இருக்கின்றன. வீடு 15 ஆனால் வழிகள் சுமார் 1.3 லட்சம் கோடி. இன்னும் சில வீடுகள் கூடினால், ஒவ்வொரு வழியாக எண்ணிப் பார்ப்பது கணினிக்கும் கட்டுப்படியாகாது. அதைவிடக் கெட்டிக்காரத்தனமான துல்லிய முறைகளும் உண்டு. ஆனால் ஊர் பெரிதாகப் பெரிதாக அவையும் திணறும்.

அந்தத் தம்பி என்ன செய்கிறார்? "அடுத்து எது கிட்ட இருக்கோ அங்க போவேன், அண்ணே" என்பார். கணினி அறிவியல் பாடத்திலும் இதே உத்தி இருக்கிறது. 'மிக அருகில் உள்ளதற்கு முதலில் போ' என்பது பாடப்புத்தகத்து ஹியூரிஸ்டிக். சட்டென்று ஓரளவு நல்ல வழி கிடைக்கும். மிகச் சிறந்த வழி கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கிட்டக் கிட்ட என்று தெற்கே சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு பார்சலுக்காக நெடுங்காடு வரை போய்த் திரும்ப வேண்டி வரலாம்.

ஆன்டிவைரஸும் இதைத்தான் செய்கிறது. ஏற்கெனவே தெரிந்த வைரஸ் என்றால் பட்டியலில் பார்த்துப் பிடித்துவிடும். இன்றைக்குப் புதிதாக வந்த வைரஸ் பட்டியலில் இருக்காது. அதனால் நடத்தையைப் பார்க்கிறது. இந்தக் கோப்பு தன்னையே மறைத்துக்கொள்ளப் பார்க்கிறதா, வேறு கோப்புகளைத் திருத்தப் பார்க்கிறதா என்று கவனித்து, 'ஆள் சரியில்லை' என்று முடிவுகட்டுகிறது. சில சமயம் நல்ல கோப்பையும் பிடித்துவிடும். அந்த எச்சரிக்கையில் ஹியூரிஸ்டிக் என்ற சொல் வந்தால், அது 'சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை' என்று பொருள்.

இதற்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன். ஆலன் நியூவெல்லுடன் சேர்ந்து, தர்க்கத் தேற்றங்களை நிரூபிக்கும் கணினி நிரலை 1956இல் அவர் உருவாக்கினார். எல்லா வழியையும் துழாவாமல், நம்பிக்கை தரும் வழியை மட்டும் பிடித்துப் போகும் நிரல் அது. மனிதர்களைப் பற்றியும் அவர் இதையே சொன்னார். நேரமும் தகவலும் குறைவாக இருக்கும்போது மனிதர்கள் மிகச் சிறந்ததைத் தேடுவதில்லை, போதுமான அளவு நல்லது கிடைத்ததும் நிறுத்திக்கொள்கிறார்கள் என்றார். 1978இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது.

வகுப்பறையில் வேறு முகம்

பி.எட். பாடத்தில் வரும் ஹியூரிஸ்டிக் முறை இன்னும் பழசு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹென்றி எட்வர்ட் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற ஆங்கிலேய வேதியியல் பேராசிரியர் அதைப் பரப்பினார். ஆசிரியர் விடையைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது, மாணவரே சோதனை செய்து கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். 1945இல் கணிதப் பேராசிரியர் ஜார்ஜ் போல்யா, கணக்கு போடத் திணறும் மாணவர்களுக்காக ஒரு சிறு புத்தகம் எழுதி, ஹியூரிஸ்டிக் என்ற சொல்லுக்கு மறுபடி உயிர் கொடுத்தார். 'இதே மாதிரி வேறு கணக்கு முன்னால் போட்டிருக்கிறாயா?', 'படம் போட்டுப் பார்', 'விடையிலிருந்து பின்னோக்கி வா' போன்ற யோசனைகள் அதில் உண்டு. இவை விடை தராது. விடை இருக்கும் பக்கம் திருப்பிவிடும்.

ஆக, வகுப்பறையில் இது முழுக்க நல்ல சொல். இதைக் கெட்ட சொல்லாக்கியது உளவியல்.

மூளை சறுக்கும் இடங்கள்

ஏமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானெமன் என்ற இரு உளவியலாளர்கள் 1974இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நிச்சயமில்லாத நேரத்தில் மனிதர்கள் மூன்று ஹியூரிஸ்டிக்குகளை நம்புகிறார்கள், அவை பல நேரம் உதவும், சில நேரம் ஒரே திசையில் திரும்பத் திரும்பத் தவறவைக்கும் என்றார்கள். கானெமனுக்கு 2002இல் நோபல் கிடைத்தது. ட்வெர்ஸ்கி அதற்கு முன்பே 1996இல் இறந்துவிட்டார்.

முதலாவது, பிடித்துவைக்கும் விலை. மீன் ஏலத்தில் முதலில் கூவும் தொகை எதுவோ, அதைச் சுற்றியே மற்றவர்கள் கேட்கும் விலையும் சுழலும். முதல் எண் நங்கூரம் மாதிரி பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, சட்டென்று நினைவுக்கு வருவது. எது சுலபமாக ஞாபகத்துக்கு வருகிறதோ அதுதான் அடிக்கடி நடக்கும் என்று மனசு நினைத்துக்கொள்ளும். பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்த வாரம் எல்லோரும் பூட்டு வாங்குவார்கள். ஒரு வருஷம் கழித்துச் சாவியைத் தேடுவார்கள்.

மூன்றாவது, மாதிரிக்குப் பொருந்துவது. ஒரு ஆள் ஒரு கூட்டத்தின் சாயலில் இருந்தால், அந்தக் கூட்டத்து ஆள்தான் என்று முடிவு கட்டுவது. இது காரைக்கால் மக்களுக்குப் புரியும். காரைக்கால் வண்டிகளின் எண் பி.ஒய். 02 என்று தொடங்கும். புதுச்சேரிப் பிரதேசத்தில் மது விலை குறைவு என்பதால், எல்லை தாண்டிப் பாட்டில் கடத்துவதும் அதைப் பிடிக்கச் சோதனை நடப்பதும் வழக்கம். பிடிபடும் வண்டிகளில் பல பி.ஒய். 02 ஆக இருக்கலாம். அதனால் பி.ஒய். 02 வண்டிகளில் பல கடத்தல் வண்டி என்று ஆகிவிடாது. ஆயிரக்கணக்கான வண்டிகள் தினமும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் வேலைக்கும் எல்லை தாண்டுகின்றன. இந்த இரண்டு வாக்கியத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மனசு கவனிக்காமல் தாண்டிவிடும் என்பதுதான் கானெமனும் ட்வெர்ஸ்கியும் காட்டியது. எண்பலகையைப் பார்த்து வண்டியை நிறுத்துவது ஒரு ஹியூரிஸ்டிக் என்று ஒப்புக்கொள்ளலாம். எண்பலகையைப் பார்த்து ஆளை நடத்தும் விதத்தை முடிவு செய்தால் அது அநியாயம்.

ஆனால் கைக்கணக்கு ஜெயிப்பதும் உண்டு

இதற்கு மறுபக்கம் பேசியவர் ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர். எளிய விதிகள் பல நேரம் சிக்கலான கணக்கைவிட நன்றாக வேலை செய்கின்றன என்பது அவர் வாதம். கிரிக்கெட்டில் உயரமாக வரும் பந்தைப் பிடிக்க ஓடும் பையன் இயற்பியல் சமன்பாடு போடுவதில்லை. பந்தின் மேலேயே கண்ணை வைத்து, பார்க்கும் கோணம் மாறாதபடி ஓட்டத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறான். பந்து வரும் இடத்துக்கு அவனும் வந்துவிடுகிறான்.

அவரும் டேனியல் கோல்ட்ஸ்டைனும் சொன்ன இன்னொரு உதாரணம் சுவாரஸ்யமானது. அமெரிக்காவின் சான் டியேகோ, சான் அன்டோனியோ இரண்டில் எந்த ஊரில் மக்கள்தொகை அதிகம் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். அமெரிக்க மாணவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர்தான் சரியாகச் சொன்னார்கள். ஜெர்மன் மாணவர்கள் அத்தனை பேரும் சான் டியேகோ என்று சரியாகச் சொன்னார்கள். காரணம் அறிவு இல்லை, அறியாமை. அவர்களில் பலர் சான் அன்டோனியோ என்ற பெயரையே கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட்ட ஊர்தான் பெரிய ஊராக இருக்கும் என்று சொன்னது பலித்துவிட்டது.

கதை இதோடு முடியவில்லை. 2010, 2020 ஆகிய இரண்டு அமெரிக்கக் கணக்கெடுப்புகளிலும் சான் அன்டோனியோதான் பெரியது. அன்று அத்தனை பேரையும் ஜெயிக்கவைத்த அதே கைவிதி, இன்று அத்தனை பேரையும் தோற்கடிக்கும். விதி மாறவில்லை, ஊர்கள் மாறிவிட்டன.

ஜூன் 12 சொல்லும் பாடம்

ஊர் மாறினால் விதி தோற்கும் என்பதை டெல்டா மக்கள் தங்கள் வயலிலேயே பார்த்திருக்கிறார்கள். ஜூன் 12 மேட்டூர் அணை திறக்கும் நாள் என்பது இங்கே பல தலைமுறைகளாகக் கணக்கு. அந்தத் தேதியில் திறந்தால் சில நாட்களில் கல்லணை, அதன் பிறகு கடைமடை. குறுவையை நட்டு, வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் முன்னால் அறுத்துவிடலாம். பிறகு சம்பாவுக்கு 'ஆடிப்பட்டம் தேடி விதை.' ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிர் வளர்ந்து, மழை ஓய்ந்த தையில் அறுவடை. இதில் எந்தத் தேதியும் மூடநம்பிக்கை இல்லை. கர்நாடகத்துத் தென்மேற்குப் பருவமழை, அணையின் இருப்பு, பயிரின் வயது, இங்கே பெய்யும் மழை என நான்கையும் கோத்துச் செய்த கணக்கு.

ஆனால் 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஜூன் 12இல் மேட்டூர் திறக்கவில்லை. 2017இல் திறந்தது அக்டோபர் 2ஆம் தேதி. 2020இல் மீண்டும் ஜூன் 12இல் திறந்தது. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024இல் ஜூலை 28. தேதி நழுவும் வருஷங்களில் மேட்டுப்பகுதி விவசாயி போர்வெல்லை வைத்துச் சமாளிக்கலாம். கடலோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. கடைமடை விவசாயிக்கு அந்த வசதி குறைவு.

அப்போது விவசாயிக்கு அறிவில்லை என்று சொல்ல முடியுமா? அந்த விதி எந்தச் சூழலில் பிறந்ததோ அந்தச் சூழல் நகர்ந்துவிட்டது. ஹியூரிஸ்டிக் என்ற சொல்லைப் புரிந்துகொண்டவர்கள் இங்கே இரண்டு தப்பைச் செய்ய மாட்டார்கள். 'தாத்தா சொன்னது, அதனால் சரி' என்று சொல்ல மாட்டார்கள். 'பழைய ஆளுக்கு என்ன தெரியும்' என்றும் சொல்ல மாட்டார்கள். இந்த விதி எதை நம்பி நின்றது, அது இன்னும் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

அதே கேள்வியைச் செயலியிடமும் கேட்க வேண்டும். 'இந்த வாரம் உரம் போடலாம்' என்று செல்போனில் வரும் தகவலும் கைவிதிதான். அதுவும் ஏதோ சில ஆண்டுகளின் மழை, ஏதோ ஒரு மண், ஏதோ ஒரு ரகம் ஆகியவற்றை நம்பித்தான் நிற்கிறது. கணினியில் வந்தால் விஞ்ஞானம், வாயால் சொன்னால் குத்துமதிப்பு என்ற பாகுபாட்டுக்கு அடிப்படை இல்லை.

உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில்

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி காரைக்கால் கடலோரத்தையும் தாக்கியது. இந்தியப் பெருங்கடலின் பல கரைகளில் அன்று கடல் உள்வாங்கியதைப் பார்த்த மக்கள் வேடிக்கை பார்க்கப் போனார்கள். அவர்களிடம் அதற்கான கைவிதி இல்லை. இந்தோனேசியாவின் சிமெலு தீவில் இருந்தது. 1907இல் அங்கே வந்த பேரலையின் நினைவு பாட்டாகவும் கதையாகவும் தலைமுறை தாண்டி வந்திருந்தது. பூமி பலமாக ஆடி, கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தும், சுமார் 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் எண்ணிக்கை ஒற்றை இலக்கம்தான்.

இதைக் கேட்டுவிட்டு, 'கடல் உள்வாங்கினால்தான் சுனாமி' என்று புரிந்துகொண்டால் ஆபத்து. உள்வாங்காமலேயும் அலை வரலாம். 'இது நடந்தால் ஓடு' என்ற விதியை 'இது நடக்கவில்லை என்றால் ஓட வேண்டாம்' என்று திருப்பிப் போடக் கூடாது. இன்னொன்று, சிமெலுவில் பூமி ஆடியது நன்றாகவே தெரிந்தது, ஓடுவதற்கு மலையும் இருந்தது. நெரவி சமவெளி. இங்கே அந்த விதியை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. கடலிலிருந்து உள்ளே போவது, உறுதியான மாடிக் கட்டடத்தில் ஏறுவது என்று அதை இடத்துக்குத் தக்கபடி மாற்ற வேண்டும்.

2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலநடுக்கம். ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் எச்சரிக்கை விட்டது. கடலோரத்தில் மக்கள் வெளியேறினார்கள். பெரிய அலை வரவில்லை. கடலடிப் பாறைகள் மேலும் கீழுமாக நகராமல் பக்கவாட்டில் நகர்ந்ததுதான் காரணம். அன்று எச்சரிக்கை வீணா? இல்லை. வீணாக ஓடினால் ஒரு நாள் கூலி போகும். ஓடாமல் இருந்து அலை வந்தால் உயிர் போகும். தப்பினால் எந்தப் பக்கம் நஷ்டம் அதிகம் என்று பார்த்து வைக்கும் விதி, சில சமயம் பொய்த்தாலும் நல்ல விதிதான்.

தமிழில் என்ன சொல்லலாம்?

கல்வியில் வரும் பொருளுக்குக் 'கண்டறி முறை' பொருந்துகிறது, அப்படியே வைத்துக்கொள்ளலாம். வயலிலும் கடையிலும் கணினியிலும் வரும் பொருளுக்குக் 'கைவிதி' அல்லது 'கைக்கணக்கு' நெருக்கமாக வருகிறது. 'குறுக்குவழி' மட்டும் வேண்டாம். அந்தச் சொல்லில் ஏற்கெனவே ஏமாற்று வாசனை இருக்கிறது. 'ஊகம்' என்பதும் போதாது. ஊகத்துக்கு அனுபவம் தேவையில்லை, கைவிதிக்குத் தேவை.

துறை சார்ந்து எழுதும்போது ஹியூரிஸ்டிக் என்றே எழுதினாலும் குடிமுழுகிப் போகாது. பிரெஞ்சு ஆட்சி 1954இல் கிளம்பிவிட்டது, கொம்யூன் என்ற சொல் நெரவியில் இன்னும் இருக்கிறது. 'கொம்யூன் ஆபீசுக்குப் போயிட்டு வர்றேன்' என்று சொல்பவருக்கு அது பிரெஞ்சு என்ற நினைப்பே வராது. சொல் எந்த ஊர் என்பதைவிட, முழுப் பொருளோடு வந்ததா என்பதுதான் முக்கியம்.

எந்தக் கைவிதியைக் கேட்டாலும் நான்கு கேள்வி கேட்டால் போதும். இது எங்கே, எப்போது பிறந்தது? எதை நம்பி நிற்கிறது? எந்த இடத்தில் பொய்க்கும்? பொய்த்தால் நஷ்டம் யாருக்கு?

இந்தக் கேள்விகளைக் கேட்கும் பொறுப்பை மக்கள் தலையில் மட்டும் கட்டக் கூடாது. விதியைச் சொல்கிறவர்களுக்குத்தான் பதில் தெரியும். வேளாண் துறை நடவுத் தேதி அறிவிக்கும்போது எந்த அளவு நீர்வரத்தை நம்பி அந்தத் தேதி சொல்லப்படுகிறது என்பதையும் ஒரு வரி சேர்த்துச் சொல்ல வேண்டும். கடன் கொடுக்கும் செயலி ஒருவரை நிராகரித்தால் எந்தக் கைவிதியில் நிராகரித்தது என்று சொல்ல வேண்டும். பேரிடர்ப் பயிற்சியில் 'ஓடு' என்று மட்டும் சொல்லாமல், எந்த அடையாளம் இல்லாவிட்டாலும் ஓட வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். நீர் கடைசியாக வந்து சேரும் ஊர்களில் தப்பான கைவிதியின் நஷ்டம்தான் முதலில் வந்து சேர்கிறது. அந்த ஒரு வரியை முதலில் கேட்டு வாங்க வேண்டியவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான்.